வசிக்காத ஆண்டு

கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஆள் நெருங்கினால் தானாக இரண்டாக விலகி வழிவிடும் கதவுதான் அது. மயூரநாதன் அதன் முன்னால் நின்றார். ஓரடி பின்வாங்கி மறுபடியும் நின்றார். கையிலிருந்த, தாள்கள் அடுக்கிய நீலக் கோப்பை மார்புக்கு நேரே உயர்த்திக்கூடப் பார்த்தார். கதவு தன்மேல் விழுந்த பனிவெளியையும், வெள்ளை படிந்த வண்டிகளின் வரிசையையும் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வெண்மையின் நடுவே தம்முடைய உருவமும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததா என்று பின்னால் யோசித்தபோது அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு, தலையில் மஞ்சளும் பச்சையுமாகத் துணி சுற்றிக் கட்டிய ஆப்பிரிக்கப் பெண்மணி ஒருத்தி பனியை உதறியபடி வேகமாக வந்தாள். கதவு உடனே விலகியது. சீட்டு வாங்காதவன் கூட்டத்தோடு பேருந்தில் ஏறுவதுபோல அவளுடைய முதுகை ஒட்டிக்கொண்டு அவரும் உள்ளே நுழைந்தார். குளிர் மிகுந்தால் இத்தகைய கதவுகளின் கண் மந்தப்பட்டுவிடும், அதற்குமேல் இதில் ஒன்றுமில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கிணற்று நீரையும் குழாய் நீரையும் குப்பியில் அடைத்துச் சோதிப்பதே தொழிலாக அமெரிக்காவின் இந்தக் கொலம்பஸ் நகரில் இருபது ஆண்டுகளைக் கழித்தவர். நீர் கலங்கினால் அதற்குக் காரணம் ஒன்று கட்டாயம் உண்டு என்று அறிந்தவர். ஆனால் இது இன்றைக்கு மட்டும் நேர்ந்ததன்று. மூன்று வாரமாக நேர்கிறது. மளிகைக் கடையின் கதவு, மருந்துக் கடையின் கதவு, மகள் நித்திலாவின் பள்ளிக்கூடத்து நூலகக் கதவு. வழக்கறிஞர் யோகராணியின் அறையிலிருந்து வெளியே வந்த அன்றுதான் அது தொடங்கியது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி தையல்நாயகி சிரிப்பாள். சிரித்துவிட்டு, எதற்காக வழக்கறிஞரிடம் போனீர்கள் என்று கேட்பாள்.

குடியேற்ற அலுவலகத்தின் காத்திருக்கும் கூடத்துக் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து. அவருக்குக் குறித்திருந்த நேரம் ஒன்பது நாற்பது. மூன்றாம் வரிசையில் ஓரத்துக்கு ஒன்று முந்திய நாற்காலியில் அமர்ந்து கோப்பை மடியில் கிடத்தினார். அதோ அந்தச் சாம்பல் நிறக் கதவைத் திறந்துகொண்டு அதிகாரி ஒருவர் வருவார், பெயர் சொல்லி அழைப்பார், உள்ளே கூட்டிச் செல்வார், வலக்கையை உயர்த்தச் சொல்லி உண்மையன்றி வேறு பேசேன் என்று உறுதிமொழி வாங்கிக்கொள்வார், பிறகு குடியுரிமை விண்ணப்பத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்கச் சொல்வார்கள், நாட்டின் வரலாற்றைப் பற்றிக் கேட்பார்கள். அவற்றைக் குறித்து அச்சமில்லை. அச்சம் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. 'நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்ற பிறகு, எந்த வரிப் படிவத்திலேனும் உம்மை இந்நாட்டில் வசிக்காதவர் என்று குறிப்பிட்டதுண்டா?' விண்ணப்பத்தில் அதற்கு நேரே 'இல்லை' என்னும் கட்டத்தில் குறி இருக்கிறது. உண்மையோ 'ஆம்'. ஒரே ஒரு முறை, ஆறு ஆண்டுகளுக்கு முன்னால். அந்த ஒன்று போதும். வசிக்கவில்லை என்று நீரே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு வசிக்கும் உரிமை மட்டும் உம்மிடம் எப்படி மிஞ்சியிருக்கும் என்று கேட்டு, குடியுரிமையை மறுப்பதோடு நில்லாமல் கையிலிருக்கும் கிரீன் கார்டையும் அவர்கள் கேட்கலாம். தையல்நாயகி இரண்டாண்டுக்கு முன்பே குடியுரிமை பெற்றுவிட்டாள். மகள் இங்கே பிறந்தவள். அந்த வீட்டில் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுபவர் அவர் ஒருவரே. "இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று யாரோ ஆங்கிலத்தில் கேட்டார்கள். நிமிர்ந்தார். அந்தத் தலைத்துணிப் பெண்மணி அவருக்கு இடப்புறம் இருந்த ஓரத்து நாற்காலியைக் காட்டியபடி நின்றாள். கூடம் நிரம்பியிருந்தது, சிலர் சுவரோரம் நின்றார்கள், அந்த ஒரு நாற்காலி மட்டும் காலி. "ஆம்" என்றார் மயூரநாதன். சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் தாம் சொன்னது காதில் விழுந்தது. அவள் அந்த நாற்காலியை ஒரு கணம் பார்த்தாள். மூத்தவர்களின் முன்னால் செய்வதுபோல இலேசாகத் தலை தாழ்த்தினாள். விலகிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். இல்லாத ஒருவருக்கு 'ஆம்' என்று இவ்வளவு எளிதாகச் சொல்ல வருகிறது. இருந்த ஒன்றுக்கு 'இல்லை' என்று சொன்னதும் இவ்வளவு எளிதாகத்தானே வந்தது.

அந்த ஆண்டு. மார்கழி முடியும் தறுவாயில் அப்பா சபாநாயகம் பிள்ளை மயிலாடுதுறையில் இறந்துபோனார். ஒரே மகன். விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்து, காவிரிக் கரையில் ஈர வேட்டியோடு நின்றபோது காரியம் செய்து வைத்த தேசிகர் கையளவு கல் ஒன்றை மண்ணில் ஊன்றினார். "பத்து நாளைக்கு இந்தக் கல்லுதான் தம்பி அவருக்கு வீடு. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. மூணு தரம். வந்து இருப்பாரு." அப்பாவின் பெயரை அப்பாவின் காதுபட உச்சரித்தறியாத வாய், முதல் தரம் குரலே எழவில்லை. இரண்டாம் தரம் ஆற்றின் மேல் போய் விழுந்தது. மூன்றாம் தரத்துக்குக் கல் இருந்த இடத்தில் ஏதோ கனத்தது. அல்லது அவருடைய முழங்கால்தான் ஈரமண்ணில் அழுந்தியது. பத்தாம் நாள் கல்லைப் பிடுங்கி நீரில் விட்டார்கள். "இனிமே எங்க இருப்பாரு?" என்று தங்கை அபயாம்பிகை தேசிகரிடம் கேட்டாள். "வருஷம் திரும்புற வரைக்கும் எங்கயும் இல்லம்மா. இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. மாசாமாசம் அண்ணன் விடுற தண்ணிதான் அவருக்கு வழிச்செலவு. அதுவரைக்கும் தம்பி கடல் தாண்டப்படாது." தாண்டவில்லை. மாதந்தோறும் மாசிகம், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கையைச் சாய்த்து எள்ளோடு நீர் விட்டார். சித்திரையில் ஆறு வற்றியபோது வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுபோய் மணலில் விட்டார். மணல் அதை உறிஞ்சிய வேகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஓராண்டு முழுவதும் வெளியே தங்கினால் கிரீன் கார்டுக்கு ஆபத்து. ஆனால் திதியின் கணக்கில் ஆண்டு முந்நூற்றைம்பத்து நான்கு நாளில் திரும்பிவிட்டது. மிச்சமிருந்த பதினோரு நாள் இடுக்கில் உடம்பைக் குறுக்கி நுழைந்து அவர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். சோதனைக்கூடத்தில் பழைய இடத்தையே கொடுத்தார்கள். சித்திரையில் வரிப் படிவத்தை எழுத உட்கார்ந்தார். "ஏங்க, எப்பவும் ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே போடுவீங்க? இப்ப என்ன தனித்தனியா?" என்றாள் தையல்நாயகி. "அந்த வருஷம் நான் இங்க வசிக்கலையே தையல். வசிச்சேன்னு எப்படி எழுதறது?" "அடேயப்பா, உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் நியாயஸ்தர்! எழுதுங்க, நல்லா எழுதுங்க. நான் போயி குழம்பை எறக்கறேன்." வசிக்காதவருக்கான படிவம் வேறு. அதை எடுத்தார், நிரப்பினார், கையொப்பமிட்டார். பொய் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு அவர் அங்கேதான் இருந்தார், மணலில் நீர் விட்டுக்கொண்டு. சட்டமோ வேறு வகையில் நினைக்கிறது: அட்டை உள்ளவரைக்கும் உடம்பு எங்கே கிடந்தாலும் அவர் இங்கே வசிப்பவர், எங்கே ஈட்டியதையும் இங்கே சொல்ல வேண்டியவர். அது தெரியாது. தெரியாதா? நினைவு எப்போதும் இந்த இடத்துக்கு வந்து, சேலை முந்தானை கதவிடுக்கில் மாட்டிக்கொள்வதுபோல மாட்டிக்கொள்கிறது. அப்பாவின் வைப்புத்தொகை தம் பெயருக்கு மாறியிருந்தது. அதன் வட்டி உண்டு. கடைத்தெருவில் இரண்டு அறைகளின் வாடகை உண்டு. வசிக்காதவர் அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை, அவற்றுக்கு வரியும் இல்லை. படிவத்தை எடுத்த கையும் அதை அறிந்த மனமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டனவா? எது முந்தியது? மறு ஆண்டே அந்தச் சொத்தையெல்லாம் தங்கை அபயத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இன்று ஒரு காசு அதில் அவருடையதில்லை. ஆனால் கையொப்பம் அவருடையது.

கையொப்பத்திலும் பாதிதான் அவருடையது. மயூரநாதன் சபாநாயகம். ஊரில் வெறும் ச. மயூரநாதன்; ஒற்றை எழுத்தாக முன்னால் நின்ற அப்பா, இந்த நாட்டுக்கு வந்தபோது கடவுச்சீட்டில் முழுதாக விரிந்து பின்னால் வந்து நின்றுகொண்டார். குடும்பப் பெயர் என்று ஒன்றை எழுதாமல் இங்கே எந்தப் படிவமும் நகராது. எழுதிய பிறகு எல்லாரும் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். மருத்துவமனையில் சபாநாயகம், வங்கியில் சபாநாயகம், சோதனைக்கூடத்தின் அடையாள அட்டையில் சபாநாயகம். அப்பா உயிரோடிருந்த நாளில் அதைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்ததுண்டு. "என்னை அங்க வேலைக்கு அனுப்பிட்டு நீ எங்கடா போயிட்ட?" என்று கேட்டார் அவர். அப்பாவின் வேலை பத்திரம் எழுதுவது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு மைக்கூடு, பின்னாளில் ஒரு தட்டச்சுப் பொறி. 'இன்ன தெருவில் இன்ன இலக்கத்தில் வசிக்கும் இன்னாரின் குமாரர் இன்னாருக்கு' என்று நாற்பது ஆண்டுகள் எழுதினார். பத்திரத்தின் முதல் சொற்களிலேயே 'வசிக்கும்' வந்துவிட வேண்டும். எங்கே வசிப்பவன் என்று சொல்லாதவனுக்கு எதையும் கொடுக்கவும் முடியாது, எதையும் வாங்கவும் முடியாது. ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் தவறான இலக்கத்தை எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு, "பிளேடால சொரண்டிடுங்க பிள்ளைவாள், தெரியாது" என்றார். அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "சொரண்டுற ஆளு வேற எடத்துல இருக்கான், போயி பாருங்க. எங்கிட்ட அடித்தல் உண்டு, அழித்தல் கெடையாது. அடிச்சது கீழ தெரியணும். பக்கத்துல நீங்க ஒப்பு வைக்கணும்." ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இந்தப் பக்கத்தில் அடித்தல் இத்தனை, திருத்தல் இத்தனை, கூடுதல் இத்தனை என்று எழுதி எண்ணிக்கை இடுவார். ஒன்றும் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவார். அந்த 'இல்லை'யை எழுதுவதற்கு முன்னால் பக்கம் முழுவதையும் விரல் வைத்து மறுபடி வாசிப்பார். பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கும் மகன் பசியோடு காத்திருக்க வேண்டும். விரல் வரி வரியாக இறங்கும். ஒரு 'இல்லை'க்கு அவ்வளவு நேரம்.

விண்ணப்பம் நிரப்பிய அன்று மயூரநாதனின் வீட்டில் முப்பது 'இல்லை'களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேசைமேல் மடிக்கணினி, நித்திலா கேள்விகளை வாசித்தாள், தையல்நாயகி அவரைக்காய் நறுக்கியபடி மேற்பார்வை செய்தாள். "அப்பா, நீங்க இனப்படுகொலையில கலந்துக்கிட்டிருக்கீங்களா?" "உங்கப்பா கரப்பான்பூச்சியவே காகிதத்துல ஏந்தி வெளியில விடுவாரு. இல்லைன்னு போடு." "சூதாட்டம்?" "அதுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணும். இல்லை." "அப்பா, நீங்க மொடாக்குடியரா?" "காப்பிக்குன்னு கேட்டா ஆமான்னு போடலாம். இல்லை, இல்லை." மூவரும் சிரித்தார்கள். சொடுக்கு, சொடுக்கு, சொடுக்கு. ஒரே வரிசையில் குறிகள் கீழே இறங்கின. இங்குள்ள நம்மவர் எல்லாரும் அப்படித்தான் நிரப்புகிறார்கள். கேள்விகள் யாரோ திருடர்களையும் கொலைகாரர்களையும் பார்த்துக் கேட்கப்பட்டவை, நமக்கு அதில் என்ன வேலை? அந்தச் சிரிப்பின் நடுவிலேதான் நித்திலா அதையும் வாசித்தாள். வசிக்காதவர், வரிப் படிவம். வாசித்துவிட்டு அப்பாவைப் பார்க்காமலே, "இல்லைதானே?" என்றாள். அவர் காப்பியைக் கையில் வைத்திருந்தார். அதன்மேல் ஆடை படிந்து சுருங்கியது நினைவிருக்கிறது. "இல்லை" என்றார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் வாய் திறந்து பதில் சொன்னார். மற்ற எல்லாவற்றுக்கும் சொன்னவள் தையல்நாயகி. அது நித்திலாவுக்கு வித்தியாசமாகப் படவில்லை. அவருக்குப் பட்டது. முதுகுக்குப் பின்னால், குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நிற்க முடியாத இடத்தில், யாரோ விரலை ஒரு வரியில் வைத்து நிறுத்தியதுபோல இருந்தது.

கூடத்து நாற்காலியைவிட்டு எழுந்து கழிவறைக்குப் போனார். முகம் கழுவினால் தெளியும். மணி ஒன்பது இருபத்தைந்து. உள்ளே ஒருவரும் இல்லை. குழாயின் அடியில் இரு கைகளையும் நீட்டினார். கை நீட்டினால் தானே பொழியும் குழாய், பொழியவில்லை. அடுத்த குழாய்க்குப் போனார், அதற்கடுத்ததற்குப் போனார். கைகளைத் திருப்பினார், ஆட்டினார், இரப்பவன்போலக் குவித்தார். அப்போது ஓர் இளைஞன் விசிலடித்தபடி வந்து, அவர் கைவிட்ட முதல் குழாயில் கை நீட்டினான், நீர் கொட்டியது. அவன் போனதும் அவர் அங்கே ஓடினார், நின்றுவிட்டது. ஒரு துளி விளிம்பில் தொங்கியது, விழவில்லை. பின்பு விளக்கும் அணைந்தது. ஆள் இருந்தால் எரிவதும் ஆள் இல்லையென்றால் தானே அணைவதுமான விளக்கு. இருட்டில் அசையாமல் நின்றார். அசைந்தால் எரியும் என்று தெரியும். அசைந்தும் எரியாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை, ஆகவே அசையவில்லை. 'வருஷம் திரும்புற வரைக்கும் எங்கயும் இல்ல.' வருஷம் திரும்பிவிட்டதே. ஆறு தரம் திரும்பிவிட்டதே. ஆனால் அந்த ஆண்டை எடுத்து ஒரு காகிதத்தில், சபாநாயகம் என்று முடியும் பெயரில், இங்கே வசிக்காதவர் என்று எழுதிக் கொடுத்து, ஏதோ ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. பூட்டிய இடத்தில் அது இன்னும் முடியாமல் கிடக்கிறதோ? நீர் கேட்டுக்கொண்டு கிடக்கிறதோ? மணல் உறிஞ்சிய அந்த வேகம். கதவு திறந்து யாரோ நுழைய, விளக்கு எரிந்தது. கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

வழக்கறிஞர் யோகராணி யாழ்ப்பாணத்துக்காரி. முப்பது ஆண்டுகளாக மனிதர்களின் காகிதங்களை வாசித்து வாசித்து அவருடைய கண்களுக்குக் கீழே நிரந்தரமான கருமை. மூன்று வாரத்துக்கு முன்னால், அந்த வரிப் படிவத்தின் நகலைப் பார்த்ததும் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. "இதை ஏன் இவ்வளவு காலம் வைச்சுக்கொண்டிருந்தனீங்கள்? சரி. திருத்தின படிவம் போடுவம். வரியையும் வட்டியையும் முதல்ல கட்டுங்கோ. நேர்காணலில அவை கேக்க முந்தி நீங்களே சொல்லுங்கோ." கட்டியாயிற்று. திருத்திய படிவத்தின் நகல் நீலக் கோப்பில் இருக்கிறது. "இன்னொண்டு. தெரியாமல் விட்ட பிழை எண்டு சொல்லவேணும். தெரியாமல் விட்டது எண்டால் திருத்தலாம். தெரிஞ்சு விட்டது எண்டால் என்னாலயும் ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?" விளங்கியது. "உங்களுக்கு அப்ப தெரியாதுதானே?" என்று அவர் கேட்டார், நித்திலா கேட்ட அதே 'தானே'. மயூரநாதன் தலையை அசைத்தார். அந்த அசைப்பு எந்தப் பக்கம் என்று யோகராணி கேட்கவில்லை. கெட்டிக்காரி. அறையைவிட்டு வெளியே வந்தபோது, அந்தக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை.

திரும்பி வந்து அமர்ந்தார். இடப்புற நாற்காலி காலியாகவே இருந்தது. காலி என்று கண் சொன்னது. ஆனால் அந்தப் பக்கத்துத் தோள் குளிர்ந்திருந்தது. அமரும்போது அவர் அறியாமலே கோட்டின் நுனியை, பக்கத்தில் இருப்பவர்மேல் படாதபடி, இழுத்துச் செருகிக்கொண்டார். மைக்கூட்டின் துருவாசனை. சூடேற்றியின் வாசனையாக இருக்கலாம். ஒரு சொல் போதும். தெரியாது. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தையல் பருப்புப் பாயசம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நித்திலா சின்னக் கொடி ஒன்று வாங்கிப் புத்தகப் பையில் ஒளித்து வைத்திருப்பதை அவர் பார்த்தார். தெரியாது என்று சொன்னால் யாருக்கு நட்டம்? நாட்டுக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது. தெரியும் என்று சொன்னால், அந்த மேசையில் மூன்று தட்டில் ஒரு தட்டுக் குறையும். மயிலாடுதுறையில் அப்பாவின் பூட்டிய வீட்டைத் திறந்து தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நித்திலா தொலைபேசித் திரையில் வளர்வாள். தெரியாது, தெரியாது என்று மனத்துக்குள் சொல்லிப் பழகினார். ஒவ்வொரு முறை சொன்னபோதும் இடப்புறத்தில் ஒரு விரல் காகிதத்தின்மேல் மெல்ல உராயும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதைத்தான் அவரால் தாங்க முடியாது. சாம்பல் கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த நடுவயது அதிகாரி ஒருத்தி கையிலிருந்த தாளைப் பார்த்துத் தடுமாறினாள். "சபா... நாயகம்?" அவர் எழவில்லை. எழ வேண்டியவர் அவர்தான் என்பது உடம்புக்குத் தெரியவில்லை. இடப்புறம் யாரோ எழுவதற்காக அது காத்திருந்தது. "சபாநாயகம்?" இரண்டாம் தரம் குரல் கூடத்தின்மேல் போய் விழுந்தது. சுவரோரம் நின்ற தலைத்துணிப் பெண்மணி அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம் கூப்பிட விடக்கூடாது. அந்த எண்ணம் முதுகுத்தண்டில் நீராக இறங்க, மயூரநாதன் கோப்பை அணைத்துக்கொண்டு எழுந்து ஏறத்தாழ ஓடினார்.

வலக்கையை உயர்த்தினார். உறுதிமொழி கூறினார். வாசித்தார், எழுதினார், வரலாறு சொன்னார். கேள்விகள் ஒரே வரிசையில் இறங்கின. அதிகாரியின் சிவப்புப் பேனா ஒவ்வொன்றையும் தொட்டுக் கீழே வந்தது. படுகொலை இல்லை. சூது இல்லை. அந்தப் பேனாவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அது வரி வரியாக, அவசரமில்லாமல், விரல் இறங்குவதுபோல இறங்கியது; பசித்த வயிற்றோடு தூக்கைப் பிடித்தபடி அவர் காத்திருந்தார். "நிரந்தரவாசியான பிறகு, வரிப் படிவத்தில் உங்களை வசிக்காதவர் என்று எப்போதாவது குறிப்பிட்டிருக்கிறீர்களா?" "ஆம்" என்றார். பேனா நின்றது. "இங்கே இல்லை என்று இருக்கிறதே." "அது தவறு. அதை அடித்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், அடித்தால் போதும். பக்கத்தில் நான் கையொப்பம் இடுகிறேன்." அதிகாரி அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். திருத்திய படிவத்தை எடுத்துக் கொடுத்தார், அவள் புரட்டினாள். "அந்த ஆண்டு எங்கே இருந்தீர்கள்?" "என் தந்தை இறந்துபோனார். ஓராண்டு நான் அவருக்கு நீர் விட வேண்டியிருந்தது." அதை ஆங்கிலத்தில் சொன்னபோது, யாரோ ஒருவர் தோட்டத்துச் செடிக்கு நீர் ஊற்றியதுபோல் ஒலித்தது, அவள் புருவம் சுருங்கிப் பின் விரிந்தது. "இப்படி எழுதுவது தவறு என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?" மீண்டும் அந்தத் 'தானே'. கதவு தானே திறந்து நிற்கிறது. உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. யோகராணியின் கருத்த கண்கள். நித்திலாவின் கொடி. "பாதி தெரியும்" என்றார். "பாதி என்றால்?" "நான் இங்கே வசிக்கவில்லை என்று நம்பினேன். அது உண்மை. அப்படி எழுதினால் அங்கே வந்த வட்டியையும் வாடகையையும் சொல்ல வேண்டாம் என்பதும் தெரியும். அதுவும் உண்மை. எது முதலில் வந்தது என்று ஆறு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். தெரியவில்லை." அதிகாரி அந்த 'இல்லை'யின்மேல் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள், 'ஆம்' என்று எழுதினாள், தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். கோட்டுக்கு அடியில் பழைய குறி தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் கையொப்பமிட்டார். "இதை நான் ஒருத்தியாக முடிவு செய்ய இயலாது. மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். வெளியே இருங்கள், மறுபடியும் அழைப்பேன்." அவளுடைய குரலில் கடுமையும் இல்லை, கனிவும் இல்லை.

கழிவறைக்குப் போனார். கால்கள் தாமாகப் போயின. முதல் குழாயின் அடியில் கையை நீட்டினார். கேட்பதுபோல நீட்டவில்லை, கொடுப்பதுபோல. நீர் வந்தது. வெதுவெதுப்பாக, தயக்கமின்றி, நிறைய வந்தது. முகம் கழுவத்தான் நினைத்தார். ஆனால் வலக்கை தானே குவிந்தது, நிறைந்தது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சாய்ந்தது. எள் இல்லை, தருப்பை இல்லை. ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் விட்டபோது பீங்கான் தொட்டியின் துளை அதை ஓசையோடு உள்வாங்கியது. ஒருவர் வயிறாரக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். ஐம்பத்தாறு வயது, ஈர மீசை, கலங்கிய கண். ஒருவர் மட்டும்.

கூடத்தில் அந்தத் தலைத்துணிப் பெண்மணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கால்கள் ஓய்ந்துபோயிருந்தன. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் பாரத்தை வைத்தாள். அவர் தம் இடத்தில் அமர்ந்ததும் அருகே வந்தாள். அவள் இடப்புற நாற்காலியை இம்முறை விரலால் காட்டவில்லை, கண்ணால் காட்டினாள். "அந்தப் பெரியவர் போய்விட்டாரா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். யாரோ இருக்கிறார் என்றுதான் அவர் சொன்னார். பெரியவர் என்று சொல்லவில்லை. ஈரக் கையிலிருந்து ஒரு சொட்டுக் கோப்பின்மேல் விழுந்தது. மயூரநாதன் திரும்பி, இன்று முதன்முறையாக அந்த நாற்காலியை நேராகப் பார்த்தார். கறுப்பு இருக்கை, தேய்ந்த விளிம்பு, வேறொன்றுமில்லை. "போய்விட்டார்" என்றார். அவள் பெருமூச்சோடு அதில் உட்கார்ந்து, செருப்பிலிருந்து குதிகாலை விடுவித்துக்கொண்டாள். அவருடைய இடத்தோளில் அவள் கோட்டின் கதகதப்புப் பட்டது. சாம்பல் கதவு திறந்தது. அதிகாரியின் கையில் அவருடைய தாள்கள் இருந்தன. மேலே வேறொரு தாள் சேர்ந்திருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இத்தனை தொலைவிலிருந்து தெரியவில்லை. "சபாநாயகம்?" என்றாள், இம்முறை தடுமாறாமல். ஆறு ஆண்டுப் பழக்கத்தால் ஒரு மூச்சு நேரம் அவர் காத்திருந்தார். கூடத்தில் வேறு யாரும் எழவில்லை. "நான்தான்" என்று சொல்லிக்கொண்டு எழுந்தார்.